கதவைச் சாத்தச் சொன்னார்கள்

தேவகனிக்கு ஷார்ஜாவில் ஒரு விளம்பர அச்சகத்தில் டிசைனர் வேலை. ஒன்பது வருடங்களாக அவள் ஆற்றிய கலைச்சேவை, சூப்பர் மார்க்கெட் நோட்டீசில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் டயப்பரைப் பொருத்துவது. ஊரில், முட்டத்தில், அவள் அம்மா, மகள் கம்ப்யூட்டரில் படம் வரைகிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லுவாள். வெங்காயத்தைப் பற்றிச் சொல்ல மாட்டாள்.

அப்படி இருக்கையில், தமிழ்ப் பேய்ப்படம் ஒன்றின் வளைகுடா போஸ்டர் வேலை வந்தது. படத்தின் பெயர் வேண்டாம். தயாரிப்பாளர் பட்ட கஷ்டமே போதும். சென்னையிலிருந்து வந்த போஸ்டரில் முழுநிலா, பாழடைந்த பங்களா, மண்டையோடு, ரத்தம் சொட்டும் எழுத்து, ஊசி குத்திய எலுமிச்சம்பழம், தோள் தெரிய அலறும் நாயகி, சூலம் ஏந்திய நாயகன், பல்லிளிக்கும் காமெடியன் எல்லாம் இருந்தன. பேய்தான் இடம் போதாமல் மேல் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“பயமா இருக்காம்மா?” என்று கேட்டார் முதலாளி பத்மநாபன்.

“கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு சார்.”

அங்குள்ள தணிக்கை அலுவலகத்தின் அனுமதிக்கு அனுப்பினார்கள். ரத்தம் மாஃபி, அதாவது கிடையாது. மண்டையோடு மாஃபி. தோள் மாஃபி. எலுமிச்சம்பழம் சூனிய சாமான் என்பதால் அதுவும் மாஃபி. சொன்னதையெல்லாம் தேவகனி அழித்துக்கொண்டே வந்தாள். நான்காம் முறை திரும்பி வந்தபோது காமெடியன் மட்டும் இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீயே ஏதாவது செய்ம்மா. நாளைக்குக் குடுக்கணும், யல்லா, சீக்கிரம்” என்று பத்மநாபன் கையை விரித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குப் போனாள். கூடத் தங்கியிருந்த குளச்சல்காரி ஜெஸ்மி, ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அன்று அவளுக்கு லீவு. உள்ளே நுழைந்த தேவகனி அப்படியே நின்றாள். தாழ்ப்பாள் உடைந்த பாத்ரூம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே பல்ப் இல்லை. பால்கனியிலிருந்து ஈரக் கால்தடங்கள் அந்த இருட்டுக்குள் போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

“ஜெஸ்மி?”

கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

“என்ன பிள்ள, இப்பிடி நிக்கிய?” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டதும் தேவகனி போட்ட அலறலில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். துணி துவைத்த ஈரக்காலோடு பாத்ரூமுக்குப் போன ஜெஸ்மி, மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

தேவகனி உடனே போனை எடுத்தாள்.

“தரையத் தொடைக்காம படம் எடுக்கியா?”

“இன்னொரு தடவ ஈரக்காலோட நடந்து காட்டுட்டி.”

ஜெஸ்மியை நான்கு தடவை நடக்கவைத்தாள்.

போஸ்டரில் கதவை இடது ஓரத்துக்குத் தள்ளினாள். மிச்சம் முழுக்க அழுக்குப் பச்சைச் சுவர். கண் எங்கேயும் நிலைகொள்ளாதபடி படத்தை இம்மியளவு சாய்த்தாள். கால்தடங்களைக் குழந்தையின் அளவுக்குச் சுருக்கினாள். சிவப்பு, அடியில் இருந்த தலைப்புக்கு மட்டும். அதுவும் பொடி எழுத்தில், ஒன்றையொன்று தொடாமல்.

“இவ்வளவு இடம் காலியாக் கிடக்கே. ஒரு பேய் வைக்கலாமே?” என்றார் பத்மநாபன்.

“பாக்குறவங்களே வச்சுக்குவாங்க சார்.”

தடை சொல்ல எதுவும் இல்லாததால் ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. தியேட்டர் இருந்த மாலில் கழிவறைக்குப் போகும் வழியில்தான் போஸ்டர் மாட்டும் சட்டம் காலியாக இருந்ததாம், அங்கேயே மாட்டினார்கள். தேவகனி பார்க்கப் போனாள். வாட்டசாட்டமான ஒருவர் அவசரமாக வந்தார், போஸ்டரைப் பார்த்தார், எதையோ மறந்தவர்போலத் தலையைச் சொறிந்துவிட்டு மேல்மாடிக் கழிவறைக்குப் போய்விட்டார். வெங்காயத்தின் முன்னால் இதுவரை யாரும் இப்படி நின்றதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மால் மேனேஜர் கூப்பிட்டார். குழந்தைகள் கழிவறைக்குப் போக மறுக்கிறார்களாம்.

“எதை எடுக்கணும்னு சொல்லுங்க” என்று இந்தியில் கேட்டாள்.

அவர் போஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். “எடுக்க எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை. கதவைச் சாத்துங்கள்.”

சாத்தினாள். புகார் இரண்டு மடங்கானது; முன்பு உள்ளே ஏதாவது இருக்குமோ என்று பயந்தவர்களுக்கு இப்போது சந்தேகமே இல்லை. கடைசியில் காமெடியனைக் கொண்டுவந்து கதவின் மேல் ஒட்டினார்கள். மாலில் நிம்மதி திரும்பியது.

படம் நான்கு நாள் ஓடியது. கதவைப் பார்க்க வந்தவர்கள், படத்தில் அப்படி ஒரு கதவே இல்லை என்று டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டார்கள். போஸ்டர்தான் படத்தைக் கெடுத்துவிட்டது என்று சென்னையிலிருந்து செய்தி வந்தது. அந்தக் கதவு தன்னுடைய ஐடியா என்று அச்சகத்துக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த பத்மநாபன், அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துக் குவைத்திலிருந்து ஒரு விநியோகஸ்தர் தேவகனியைத் தேடிப் பிடித்து போன் செய்தார்.

“ஹீரோ போட்டோ ஏழு அனுப்பியிருக்கேன் மேடம். எல்லாத்தையும் வைக்கணும். பயமாவும் இருக்கணும்.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அழைத்தார்.

“சரி மேடம். பயமே இருக்கட்டும்.”