சுதாவுக்கு விழாத குறி

ஆலோசனை ஆசிரியர் வேலையில், ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்குமுன் அருகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். பள்ளி மீண்டும் திறந்த அன்று என் அறையில் இருந்தவர்கள்: மேனாம்பேட்டில் லேத் ஓட்டும் முருகேசன், மனைவி கஸ்தூரி, பன்னிரண்டாம் வகுப்பு மகன் தினேஷ், பத்தாம் வகுப்பு மகள் சுதா, நான். பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசியும் படிவமுமாக உட்கார்ந்திருந்த சக ஆசிரியர்களுக்கு, அதற்கு முன் நடந்ததையும் சொல்கிறேன்.

குளியலறைக் கதவு

ஊரடங்கின் நடுவில் தினேஷ் குளியலறைக் கதவை உதைத்து உடைத்தான். மாணவர் நலப் படிவத்தில் மூன்று கேள்விகள்: கத்துகிறாரா? பொருள்களை உடைக்கிறாரா? சொல்லாமல் வெளியே போகிறாரா? மூன்றுக்கும் குறியிட்டேன். இரண்டே நாளில் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொடுத்தேன். முருகேசன் தொலைபேசியில் தழுதழுத்தார்.

"ஆம்பளப் புள்ள, ஊட்லயே அடஞ்சி கீறான் டீச்சர். அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு கீதுல்ல?"

ஸ்பீக்கர்

அடுத்து சுதாவிடம் பேசினேன். கஸ்தூரி ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை அடுப்பு மேடையில் வைத்திருந்தார்; குக்கர் விசில் எனக்கே கேட்டது. நலமா என்றேன். "நல்லாகீறேன் மிஸ்" என்றாள். தாயும் தமையனும் காதுகொடுத்திருக்க, அவள் வேறு என்னதான் சொல்வாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்று கேள்விகளுக்கும் 'இல்லை'. குறிப்புப் பகுதியில் 'பொறுப்பான பெண்' என்று அழகாக எழுதினேன். கஸ்தூரிக்கும் பெருமை.

"அவளால ஒரு தொல்லயும் இல்ல டீச்சர். மூணு வேளையும் அவதான் ஆக்கறா. வாயே தொறக்கமாட்டா."

துப்பட்டா

பள்ளி திறந்த அன்று, மருத்துவரின் சீட்டைக் காட்டத் தினேஷை அழைத்து வந்தவர்கள், தனியே விட மனமின்றிச் சுதாவையும் கூட்டிவந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அவள் துப்பட்டா நழுவியது. இடக்காதுக்கு மேல் உள்ளங்கையளவு முடி இல்லை. "பொடுகு டீச்சர்" என்றார் கஸ்தூரி. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுதாவின் விரல்கள் மேலேறி, ஒரு முடியைப் பிடுங்கி மடியில் வைத்தன.

"நலமா?" என்று நான் மறுபடியும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். தினேஷ்தான் பதில் சொன்னான்.

"ஒரு வருசமா புடுங்கிக்கினுதான் கீறா மிஸ். இவங்க என்னையே பாத்துக்கினு இருந்தாங்க."

மேசையில் விரிந்து கிடந்த தன் பழைய படிவத்தைச் சுதா ஒருமுறை படித்தாள். பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போனாள்.

என் படிவத்தில் ஒரு குறி பெற, அந்தப் பெண்ணும் சொல்லாமல் வெளியே போக வேண்டியிருந்தது.