ராஜேஸ்வரி டீச்சருக்குக் கட்டிக்கொடுத்த வீடு

ராஜேஸ்வரி டீச்சர் வீட்டுச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது ஒரு சித்திரை மாதம். பால் காய்ச்சி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஹால் ஜன்னலின் மூலையில் தொடங்கி, சாய்வாகத் தரைவரை இறங்கியிருந்தது. பூச்சு வெடிப்புதான் டீச்சர், இந்த வெயிலுக்கு அப்படித்தான் வரும் என்றேன். பூச்சில்லை, அஸ்திவாரம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மனை பிரித்து வீடு கட்டிக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் அப்ரூவல் பற்றியும் பட்டா பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். ஆபீசுக்கு நடையாய் நடந்தால் அதெல்லாம் தானாகப் பிடிபடும். நான் படித்தது இந்த ஒரு வீட்டில்தான்.

1. நாலடி

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பதினோரு வருஷம் மேனேஜராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு, எட்டயபுரம் ரோட்டுக்கு உள்ளே ஒன்றேகால் ஏக்கர் பருத்திக்காட்டை வாங்கிக் கல் ஊன்றினேன். பதினெட்டு பிளாட். வந்தவர்கள் வெறும் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு வீடாவது எழும்பினால்தான் மற்றது போகும் என்று தோன்றிவிட்டது.

அந்த நேரத்தில் வந்தவர் டீச்சர். கணவர் இல்லை. ஒரே மகள், கல்யாண வயசு. சொந்த வீட்டு வாசலில் அவளுக்குப் பந்தல் போட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. ஆவணிக்குள் வீட்டை முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். அதற்கு அடியில் சுக்கான் என்று வெளுத்த கெட்டிப் படுகை ஒன்று இருக்கிறது. அஸ்திவாரம் அதன்மேல் உட்கார வேண்டும். சுடலைமுத்து கொத்தனார் நாலடிக் குழிக்குள் நின்றுகொண்டு கடப்பாரையால் குத்திப் பார்த்தார்.

“அண்ணாச்சி, சுக்கான் இன்னும் தட்டல. கீழ போவணும்.”

“எம்புட்டு?”

“ஏழடியோ எட்டடியோ, யாருக்குத் தெரியும்?”

ஆவணி மனசில் ஓடியது. போதும், கல்லைப் போடுங்க என்றேன். அவர் கடப்பாரையை வெளியே வைத்தார். கல்லைப் போட்டார்.

வீடு எழும்பியது. நான் நினைத்த மாதிரியே பிளாட்டுகளும் போயின.

2. ஏழரை அடி

விரிசலைக் கொத்திச் சிமெண்ட் அடைத்து வெள்ளையடித்தோம். அடுத்த கோடையில் அதே இடத்தில் திறந்தது. மறுபடி அடைத்தோம். பின்வாசல் கதவு நிலையில் இடித்தது, இழைத்துக் கொடுத்தோம். டீச்சர் ஒரு நாளும் சத்தம் போடவில்லை. விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். அடுத்த முறை போனபோது விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது.

அதே சமயம் அதே லேஅவுட்டில் எனக்கும் வீடு கட்டத் தொடங்கினேன். குழி தோண்டும்போது சுக்கான் தட்டும்வரை விடாதீங்க என்று கொத்தனாரிடம் சொன்னேன். ஏழரை அடியில் தட்டியது. அவர் மேலே ஏறி வந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஒங்க வீட்டுக்கு மட்டும் இப்படித் தோண்டச் சொல்லுதீங்களே, அண்ணாச்சி?”

கல் லாரி வருது பாருங்க என்று ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

வேலை முடிந்து பூச்சு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் இன்னொரு செய்தியும் அவர்தான் சொன்னார். டீச்சர் மகளைப் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து வந்திருக்கிறார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது. புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிளந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று பிறகு சொல்லியனுப்பிவிட்டார்கள்.

டீச்சர் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

3. பரிவர்த்தனை

மறுநாள் காலையிலேயே போனேன். என் புது வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். டீச்சர் முதலில் அஸ்திவாரத்தைத்தான் கேட்டார்.

“அந்த வீடு எத்தனை அடி?”

“ஏழரை.”

“இது?”

“நாலு.”

“அப்ப ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்.”

ஆமாம் என்றேன். ஓட்டத்தில் வருகிற பொய்யைவிட அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

சார்பதிவாளர் ஆபீசில் பரிவர்த்தனைப் பத்திரம் பதிவானது. அடுத்த தையில் ஏழரை அடி வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளை கடம்பூர்க்காரர். நாலடி வீட்டுக்குக் குடிவந்திருந்த எங்களுக்கும் பத்திரிகை வந்தது.

நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் பதிவு முடிந்த அன்று வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அதுவரை அவளுக்கு எதுவும் தெரியாது. புது வீட்டின் அடுக்களை மேடையைத் தன் உயரத்துக்கு அளந்து போட வைத்தவள் அவள். கொத்தனாரோடு நின்று ஒவ்வொரு அலமாரிக்கும் இடம் சொன்னவளும் அவள்தான். அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“டீச்சருக்குச் செஞ்சது சரிதான். என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்.”

அதற்குப் பிறகு அறுபதுக்கும் மேல் வீடுகள் கட்டினேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி குழிக்குள் இறங்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கல் போடும் முன்பு, அதில் குடியிருக்கப்போகிற எல்லாரையும் வரச் சொல்லி, அவர்கள் கண் முன்னே கடப்பாரையைக் குத்திக் காட்டினேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்கு டீச்சருடையதும் என்னுடையதுமாக இரண்டு குடும்பங்கள் தேவைப்பட்டன.