பிஸ்டலுக்கு எத்தனை சொட்டு எண்ணெய்

பரீட்சை நாளன்று எனது பிஸ்டல் மூன்றாவது ரவையோடு நின்றுவிட்டது. சுட்டதும் மேல்மூடியான ஸ்லைட் பின்னால் போனது. முன்னால் வரும்போது பாதியில் இறுகிக்கொண்டது. கையால் தட்டினேன், அசையவில்லை.

அப்போது நான் கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் ஆயுதக் காவலாளி. ஆண்டுக்கொருமுறை சுடுதளத்தில் பத்து ரவை சுட்டுக் காட்ட வேண்டும். தவறினால் ஆயுதப் பணி போய்விடும்.

சுடுதளப் பொறுப்பாளர் பொலிஸில் ஆயுதத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்டலை வாங்கி, ரவைக்கூடான மகசீனைக் கழற்றி, குழலின் பின்னறையில் இருந்த ரவையை எடுத்துவிட்டு, ஸ்லைட்டைப் பிரித்தார். உள்ளே கறுப்பாகக் களி போல அப்பிக்கிடந்தது. விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன காணும்? பிஸ்டலோ, எண்ணெய்ச்சட்டியோ?"

நான் இந்த வேலைக்கு வருமுன் கண்டாவளையில் தண்ணீர்ப் பம்ப் திருத்தியவன். யுத்த காலத்தில் பொருள்களுக்குத் தடை இருந்தபோது, இயந்திர எண்ணெய் இல்லாமல் தேங்காயெண்ணெய் விட்டு ஓட்டி, இறுகிப்போன பம்புகள் எத்தனையோ என் கையால் திறந்திருக்கிறேன். எண்ணெய் குறைந்து கெட்ட இயந்திரத்தைத்தான் கண்டிருந்தேன். கூடிக் கெட்டதைக் கண்டதில்லை. ஆகவே போத்தல் கைக்கு வந்ததும் தாராளமாக ஊற்றுவேன். பளபளவென்று இருந்தால்தான் மனம் ஆறும்.

"எண்ணெய் தூசியைப் பிடிக்கும் காணும். அறுவடைக்காலம். உங்கட வங்கிக்குப் பக்கத்திலை நெல்லுக் களஞ்சியம். உமித்தூசி முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. ஆர் இப்படி ஊத்தினது?"

அன்று காலையிலும் ஊற்றியவன் நான்தான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"பின்னேர முறைக்கு இதே பிஸ்டலோட ஒரு பிள்ளை நிக்கிறவா, சேர். அவவின்ர மேசை லாச்சிக்குள்ள எப்பவும் எண்ணெய் ஊறின துணி கிடக்கும்."

அவர் தன் கொப்பியில் ஏதோ எழுதினார். பிறகு என்னை உட்காரவைத்துச் சுத்தம் செய்யவைத்தார்.

அவர் காட்டியது இதுதான். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டபின், ஸ்லைட் ஓடும் தண்டவாளம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சொட்டு. குழலான பரலின் வெளிப்பக்கத்தில் உராய்ந்து மினுங்கும் இடத்தில் ஒரு சொட்டு. அதை விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டும். பூட்டியபின் வெறும் பிஸ்டலின் ஸ்லைட்டைப் பத்துத் தரம் இழுத்துவிட்டு, வெளியே கசிவதைத் துடைக்க வேண்டும். பரலின் உட்பக்கம், ஊசி வரும் துளை, மகசீன், ரவை, இவை உலர்ந்தே இருக்க வேண்டும். ரவைக்குள் எண்ணெய் இறங்கினால் அது வெடிக்காமலே போகலாம்.

"கண்ணுக்குத் தெரியக்கூடாது. விரலுக்குத் தெரியவேணும். விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

இரண்டாம் தரம் பத்து ரவையும் தடங்கலின்றிப் போயின. நான் தேறிவிட்டேன். கையெழுத்து வைக்கும்போதுதான் அறிக்கையைப் பார்த்தேன். "பின்னேர முறைக் காவலாளி பராமரிப்பில் கவனமற்றவர். ஆயுதப் பணியிலிருந்து நீக்கலாம்" என்று இருந்தது. பார்த்தும் கையெழுத்தை வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பின்னேர முறைக் காவலாளி யோகராணி. மலையகத்திலிருந்து வந்து துணுக்காயில் குடியேறிய குடும்பம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஆயுதப் பணி போனால் எங்கள் கிளையில் மிச்சமிருப்பது முற்றத்து வேலை, அதை ஆண்களுக்குத்தான் கொடுப்பார்கள்; அவளை வவுனியாவுக்கு மாற்றுவார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் போகமாட்டாள். வேலை போனதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மதியம் வங்கிக்கு வந்து பிஸ்டலை அவளிடம் கொடுத்தேன். பத்து நாள் விடுமுறை முடிந்து அன்றுதான் வந்திருந்தாள். மூத்த பிள்ளைக்கு அம்மை. அந்தப் பத்து நாளும் வேறு கிளையிலிருந்து வந்த ஒருவர் பிஸ்டலை இடுப்பில் கட்டியதோடு சரி, திறந்தே பார்க்கவில்லை. அவள் ஸ்லைட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அண்ணே, இன்னைக்கு எண்ணெயே இல்லையே?"

"ஏன், எண்டைக்கும் இருக்கிறதோ?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க ஊத்துறதை நான் தினமும் துடைச்சுத்தான் போடுவேன். லாச்சியில கிடக்குற துணி அதுக்குத்தான். நீங்க பெரியவர், மெஷின் வேலை தெரிஞ்சவர். சொன்னா மனசு நோகும்னு சொல்லல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இவள் துடைத்த துணியைக் காட்டியே இவளின் வேலைக்கு உலை வைத்திருக்கிறேன். வெட்கம் என்று சொல்வதா, என்மேலேயே வந்த ஆத்திரம் என்று சொல்வதா, இரண்டும்தான்.

மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சுடுதளத்துக்கே போனேன். பொறுப்பாளர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், ஊத்தினது நான். அந்தப் பிள்ளை துடைச்சதாலதான் இவ்வளவு நாளும் அது வேலை செய்தது."

"காலமை கேட்டனான். ஏன் சொல்லேல்லை?"

"வேலை போயிடுமெண்டு பயம், சேர்."

"அவவுக்கு மட்டும் போகலாமோ?"

அவர் கதவைத் திரும்பத் திறந்து, அந்த வரியை வெட்டி, என் பெயரை எழுதினார். ஆயுதப் பணியிலிருந்து என்னை ஆறு மாதம் நிறுத்தினார்கள்; அந்த ஆறு மாதமும் நான் வங்கி முற்றத்தில் மோட்டார்சைக்கிள்களை வரிசையாக நிறுத்துவித்துக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கும். ஒருநாளும் குறைப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் எண்ணெய் அளவைக் கேட்டால் மேலே எழுதியதையே சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன். ஒரே ஆயுதத்தை இரண்டு பேர் வைத்திருந்தால், மரியாதை பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். பிழை என்னுடையது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் அரை நாள் பிந்திவிட்டேன்.

யோகராணியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. ஆறு மாதம் முடிந்து நான் ஆயுதப் பணிக்குத் திரும்பிய பிறகு, முறை மாற்றும்போதெல்லாம் அவள் எல்லோர் முன்னாலும் ஸ்லைட்டை இழுத்துப் பார்ப்பாள். பழைய பழக்கத்தில் நான் ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டிருந்தால், "அண்ணே, கூடிப்போச்சு" என்பாள். எரிச்சலாகத்தான் இருக்கும். துணியை வாங்கித் துடைத்துக் கொடுப்பேன்.