வெந்நீர் விடுதி தேடியது

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் யார் முன்னாலும் புடவை மாற்றியதில்லை. என் கணவர் முன்னால்கூட. மார்பில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்து, முடி திரும்ப முளைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். ஊரில் பார்க்கிறவர்கள் "டீச்சர் நல்லா தேறிட்டீங்க" என்றார்கள். தேறித்தான் இருந்தேன். ஆனால் தழும்பை நானே கண்ணாடியில் நேராகப் பார்க்க மாட்டேன். அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காதது நல்லது என்று ஒரு நாள் தோன்றும். ஏன் கேட்கவில்லை என்று மறுநாள் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானில் வேலை செய்கிற எங்கள் ஒரே மகள் கூப்பிட்டாள். ஐப்பசி மழை. பாகூர்ப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் நின்றதால் அவர் வீட்டில் இருந்தார். இரண்டு பேருமாக வீடியோ காலில் உட்கார்ந்தோம்.

"பங்குனியில ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. உங்களுக்கு இங்க ஒரு எடம் காட்டணும்" என்றாள்.

"அறுப்பு முடிஞ்சிடும், வரலாம். இன்னா எடம்?" என்றார் அவர்.

மலைக்குள்ளே தானாகச் சூடாக ஊறி வரும் தண்ணீர், அதை ஒட்டி மரத்தில் கட்டிய பழைய விடுதிகள். ரியோகான் என்று சொல்வார்களாம். பாய் விரித்த அறை, தரையில் படுக்கை, அறைக்கே வருகிற சாப்பாடு. இரண்டு நாள் தங்கிக் குளிக்கிறதுதான் வேலை. "அப்பா மூட்டுவலிக்கு அவ்ளோ நல்லது" என்றாள். மூன்று விடுதிகளின் படங்களை அனுப்பி, எது வேண்டுமென்று எங்களையே பார்க்கச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. நெல்லும் கரும்பும் வைக்கிற மனிதர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஆற்றை ஒட்டிய விடுதி பெரியதாக இருந்தது, ஆனால் எதிரிலேயே கடைத்தெரு. கடலோரத்து விடுதியில் மீன் அதிகம் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"மீனுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? பக்கத்துல பனித்திட்டுக் குப்பத்துக்கு வண்டியில போனா கால் மணி நேரம்" என்று அதைத் தள்ளினார். மூன்றாவது மலைமேல், சின்னது. கூரையில் பாசி பிடித்திருந்தது. அதைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார்.

"இவ்ளோ தண்ணி ராவும் பகலும் ஊத்துதே, வழிஞ்சி எங்க போவுதாம்?" என்று என்னைக் கேட்டார்.

"எனுக்கு எப்படித் தெரியும்? உங்க பொண்ணக் கேளுங்க."

கேட்டார். ஓடைக்குப் போகிறதாம், ஓடை கீழே வயலுக்குப் போகிறதாம். "அப்ப சரி" என்றார், ஏதோ தானே வாங்கப் போகிற நிலம் மாதிரி. எனக்கும் ஆசை வந்துவிட்டிருந்தது. அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் மகள் குளிக்கிற முறையைச் சொன்னாள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதலில் வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட வேண்டும். அப்புறம் தொட்டிக்குள் இறங்க வேண்டும். உடம்பில் துணி இருக்கக் கூடாது.

"ஒண்ணுமேவா?" என்றார் அவர்.

"ஒண்ணுமே இல்லப்பா. எல்லாரும் அப்பிடித்தான். யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போனேன். பால் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் சொன்னேன். "நீங்க போய்ட்டு வாங்க. நான் அவ ரூம்லயே இருக்கேன். அவளுக்கு சமைச்சிப் போட்டுக்கினு இருந்தா எனுக்குப் போதும்."

அவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே நின்றார். "சரி" என்றார். வயலுக்குப் போய்விட்டார். அந்தச் 'சரி' என்னைக் காலையெல்லாம் அழவைத்தது. வற்புறுத்தியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பதினோரு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வரப்பில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை.

"அம்மா வராம நான் மட்டும் போயி இன்னா பண்றது? நீ அந்த விடுதிக்காரங்ககிட்டயே நேரா கேளு. இந்த மாதிரி ஆபரேஷன் ஆயிருக்குது, இன்னா செய்யலாம்னு கேளு. இதுல ஒளிக்க இன்னா இருக்குது? அவ பொழைச்சி வந்த உடம்புடி அது."

நான் டீயோடு அப்படியே கரும்புக்குள் நின்றுவிட்டேன். பேசி முடித்து அவர் திரும்பியபோது என்னைப் பார்த்தார். திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்டது மாதிரி தலையைச் சொறிந்தார். "டீ ஆறிப்போச்சா?" என்றார்.

"ஆறிப்போச்சு" என்றேன். வாங்கிக் குடித்தார்.

மகள் மூன்று விடுதிக்கும் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஆற்றங்கரை விடுதியில் விதிமுறையை வாசித்தார்களாம். கடலோர விடுதியில் முதலாளியைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். சாயங்காலம்வரை சொல்லவே இல்லையாம். மலை விடுதியில் போனை எடுத்தது அதை நடத்துகிற அம்மாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க அம்மா என்ன சாப்பிட மாட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னாடி சொல்ற?"

"ஆமாம்மா. அதத்தான் மொதல்ல கேட்டாங்க. குளிக்கிறதப் பத்தி, 'அதுக்குன்னு ஒரு மெல்லிசு சட்டை வெச்சிருக்கோம், இந்த ஆபரேஷன் ஆனவங்க நெறைய பேர் வராங்க. அவங்களுக்கு இஷ்டம்னா போட்டுக்கட்டும், இல்லன்னா வேணாம்' அப்படின்னுட்டாங்க. ஒரு ரூம்ல பால்கனியிலயே தனித் தொட்டி இருக்குதாம், அதக் குடுக்கறேன்னு சொன்னாங்க. பொது எடத்துக்கு வராமலே கூட குளிச்சிக்கலாம்."

நிறைய பேர் வருகிறார்கள் என்கிற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்பது போல நடந்துகொண்டிருந்தேன்.

"பச்சை மீன் மட்டும் வேணாம்னு சொல்லு" என்றேன். அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிம்மா, புக் பண்றேன்" என்றாள்.

பங்குனியில் போனோம். ரயிலும் பஸ்ஸும் மாறி மலையேறினோம். பாதையோரம் இன்னும் பனி கிடந்தது. வாசலிலேயே அந்த அம்மாள் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தரையில் மண்டி போட்டு எங்களை வரவேற்றார். இவர் பதறிப்போய்த் தானும் குனிய, அந்த அம்மாள் இன்னும் குனிய, மகள்தான் சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்குப் பக்கத்து அறை.

எங்கள் அறையின் பால்கனியில் மரத் தொட்டி. மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கையை விட்டுப் பார்த்தார். "நம்ம போர் தண்ணி மார்கழியில வருமே, அந்த மாதிரி இல்ல. இது நல்ல சூடு" என்றார். குளித்துவிட்டு முதலில் இறங்கினார். என் பக்கம் முதுகைத் திருப்பி, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

"நான் திரும்ப மாட்டேன். நீ பாட்டுக்கு வா" என்றார்.

அந்த மெல்லிசுச் சட்டை மடித்து மணைமேல் வைத்திருந்தது. எடுத்தேன். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு அங்கேயே வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் கழுத்துவரை வந்தது. உடம்பு முழுக்கத் தளர்ந்தது. குளிரில் மூச்சு புகையாகப் போயிற்று.

"திரும்புங்க" என்றேன்.

திரும்பினார். பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீருக்குள் அவர் கை வந்து தழும்பின் மேல், காயம் இன்னும் ஆறாதது போல, அவ்வளவு லேசாகப் பட்டது.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"அப்ப ரொம்ப வலிச்சிருக்கும்."

"ஆமாங்க" என்றேன். அவர் அழுதார். இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கேட்டால் தான் உடைந்துவிடுவோம் என்று பயந்திருக்கிறார். ஆஸ்பத்திரி நாட்களையெல்லாம் அன்று பேசினோம். விரல்நுனி சுருங்கிப்போகும் வரை பேசினோம்.

மறுநாள் காலை, "பொது எடத்துக்கும் போய்ப் பாக்கலாமா?" என்று நானே மகளைக் கேட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். திறந்த வெளியில் பாறைகளுக்கு நடுவே பெரிய குளம். வயதான பெண்கள் நான்கைந்து பேர் தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள், பஸ்ஸில் இடம் விடுகிற மாதிரி. மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயதுக்கு அப்புறம் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்களின் குளம். திடீரென்று அங்கிருந்து, ஒரு கழனியிலிருந்து இன்னொரு கழனிக்குக் கூப்பிடுகிற குரலில், அவர் கத்தினார்.

"டீச்சரம்மா! தண்ணி எப்படி இருக்குது?"

மகள் வெட்கத்தில் தண்ணீருக்குள் முங்கினாள். அந்தப் பெண்கள் தட்டியையும் என்னையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வகுப்பறைக்கு வெளியே நான் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

"நல்லா இருக்குதுங்க!" என்று கத்தினேன்.