அம்மா போடாத குளிசை

அம்மாவுக்கு இதயம் பலவீனம். நெஞ்சிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதுமாகவே என் நாட்கள் கழிந்தன.

ஒருமுறை அவளுடைய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். இதயம் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அதில் தெரியுமாம். முடிவைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர், வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே, "இவ கெதியில திரும்ப வருவா" என்றார். நீரை இறக்கும் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா என்றும் கேட்டார். அம்மா தலையாட்டினாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள்.

"வேலை நாள்ல அத போடுறதில்ல. போட்டா ஒண்ணுக்கு வந்துகிட்டே இருக்கு. கொழுந்து மலையில எங்க போயி குந்துறது? கங்காணி மேல நின்னு பாத்துகிட்டே இருக்கான்."

டாக்டர் சொன்னபடியே, அந்த மாதம் முடிவதற்குள் மூச்சு முட்டித் திரும்பவும் வார்டுக்கு வந்தாள். நான் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப வேலைக்குப் போக வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு, அதே குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். லயத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று அவரிடம் யார் விளக்குவது?

கொழும்புச் சோதனை அச்சொட்டாகப் பலித்துவிட்டதென்று வார்டில் எல்லோருக்கும் பெருமை. மலையில் ஒரு கக்கூஸ் கட்டியிருந்தால் அது பொய்த்திருக்கும்.