பெருமாள் திறக்காத டேங்க் மூடி

பெருமாள் போய்விட்டார் என்ற செய்தி பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. வெலிமடையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தொலைபேசியில் ரவி. "பெருமாளண்ணே போயிட்டாருங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னு பதுளை ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். காலையில முடிஞ்சிருச்சு" என்றான். பெருமாளுக்குப் பிறகு தோட்டத்துச் சின்ன டிராக்டரை ஓட்டுகிறவன் அவன். நான் பெருமாளின் மச்சான். என் தங்கை லெட்சுமியைத்தான் அவர் கட்டியிருந்தார். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இதைப் படித்தால், அடுத்து நான் எதை எழுதப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதாமல் விட்டால் பெருமாள்தான் முதலில் கோபித்துக்கொள்வார்.

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். அதில் பாதி அந்த டிராக்டருக்குப் போகும். கொழுந்துச் சாக்கும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலைக்கும் தொழிற்சாலைக்கும் அலைகிற வண்டி அது. ஆயுத பூசை முடிந்து பனி இறங்கத் தொடங்கினால் வருடா வருடம் மக்கர் பண்ணும். ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடும், மேட்டில் மூச்சடைத்து நின்றுவிடும். மாசியில் வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். குளிர்தான் காரணம் என்பதில் தோட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

பெருமாள் பார்க்காத வைத்தியம் இல்லை. ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயைக் கழற்றி ஊதினார், லயத்து வீடுகளில் வெந்நீர் வாங்கி எஞ்சின் மேல் ஊற்றினார். இரவில் அதற்குச் சாக்குப் போர்த்திவிட்டு வருவார். "எனக்கு ஒரு போர்வை, அதுக்கு ரெண்டு சாக்கா? அப்ப அதோடயே போயிப் படுத்துக்கங்க" என்று லெட்சுமி கேலி செய்வாள். வண்டி வழியில் நின்றால் இறங்கி, டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். ஒரு பீடி குடித்துவிட்டு மறுபடி கிளப்புவார். ஓடும். எஞ்சின் இளைப்பாறிக்கொண்டது என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. லெட்சுமிக்குத் தலைப்பிரசவம். விடியும்போது இரத்தம் போகத் தொடங்கியது. தோட்டத்து லொறி பதுளைக்குப் போயிருந்தது. டிராக்டரின் பின்பெட்டியில் மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய ரோட்டுக்கு ஏறும் வளைவில் வண்டி நின்றது. கிளப்பினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. வெந்நீருக்கு ஆள் ஓடியது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் வந்து தள்ளினார்கள். அன்று பெருமாள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாள் மாலையே விளிம்பு வரை டீசல் நிரப்பி வைத்தவர் அவர்தான். அதில் பார்க்க என்ன இருக்கிறது? பசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது லெட்சுமியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"பாழாப்போன குளிரு எம்புள்ளயக் கொண்டுபோயிருச்சே" என்று அம்மா ஒப்பாரி வைத்தாள். தோட்டமே குளிரைத் திட்டியது. பெருமாளும் திட்டினார்.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பிய சில நாளில் அவர் அந்த மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். டீசல் ஊற்றத் திறந்தபோது அது உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்ததாம். எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான், அன்றுதான் உறைத்ததாம். மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டீசல் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும். அந்தத் துளையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிக் கிடந்தன. ஆயுத பூசையன்று மற்ற இடங்களில் வண்டியின் முகப்பில் பொட்டு வைப்பார்கள். எங்கள் தோட்டத்தில் எண்ணெய் குடிக்கிற வாய் என்று டேங்க் மூடிக்கும் வைப்பது வழக்கம். மாசிக்குள் அது உதிர்ந்துவிடும்.

"குளிரு இல்ல அத்த. நான் வச்ச பொட்டு. அன்னைக்கி ஒரு தடவ தொறந்து பாத்திருந்தா ஓடியிருக்கும்" என்றார்.

அம்மா அந்த மூடியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இத ஏன் மாப்ள எங்கிட்ட வந்து சொன்னீங்க? நான் பாட்டுக்குக் குளிரத் திட்டிக்கிட்டுக் கெடந்திருப்பேனே."

"குளிரு வருசா வருசம் வரும் அத்த. அடுத்த பொண்ணும் இதே பொட்டியிலதான போகணும்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆயுத பூசையிலும், தேங்காய் உடைக்கும் முன்னால், அவர் மூடியைக் கழற்றிக் காட்டித் தன் மனைவி செத்த கதையைக் கூட்டத்தில் சொன்னார். பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய் டிரைவர்களிடம் சொன்னார். "நல்ல நாளும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்குய்யா?" என்று கணக்கப்பிள்ளை ஒரு முறை சத்தம் போட்டார். "புது ஆளுங்க வந்திருக்காங்கள்லங்க" என்றார் பெருமாள். தோட்டத்து வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. 'நான் வச்ச பொட்டு' என்றுதான் சொல்வார். சொல்லி முடித்தபின் அன்று யாரோடும் பேசமாட்டார், சோறும் இறங்காது. அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அடக்கத்தன்று ரவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசறை வரைக்கும் வண்டி எங்கயும் நிக்கலண்ணே, நேரத்தோடதான் கொண்டுபோனோம், அங்கருந்துதான் பதுளைக்கு அனுப்புனாங்க" என்று அழுதான். அம்மாவும் அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

இன்று காலையிலும் வெலிமடையில் வகுப்பில் சோக்கட்டி பிடிக்க முடியாமல் கை விறைத்தது. என் தங்கையைக் கொன்ற குளிரே என்று ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டித் தீர்க்க எனக்கு ஆசைதான். வாய் வரமாட்டேன் என்கிறது. பெருமாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.