அழுத்து... பிடி... விடு...

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை. சரியாக முறுக்காத போல்ட்டுக்குத்தான் பயப்படுவேன். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. இதில் நான் சொல்லப்போகிற மணிக்கணக்கெல்லாம் பக்கத்தில் வைத்திருந்த செல்போனில் பார்த்தது. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் மனைவி நர்ஸ். புது மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஷிஃப்ட். போகிற வழியில் ஒரு செங்குத்தான இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் திரும்புகிற முக்கு. எங்கள் பைக்கின் முன்பக்கத்தில் இருந்ததோ பழைய டிரம் பிரேக். அழுத்தினால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்கிற ரகம். அதை நம்பி அவளை அந்த இறக்கத்தில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

டிஸ்க் பிரேக்குக்கு மாற்றிவிட முடிவு செய்தேன். மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்பீர்கள். என் வண்டியை இன்னொருவன் தொட்டால் எனக்கு ஆகாது. சீட் தைத்தது, ஹேண்டில்பார் மாற்றியது, டேங்குக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது எல்லாம் நானேதான். பழைய வண்டி சாமான் விற்கிற ஒருவரை ஊரே போல்ட்டு அண்ணன் என்று கூப்பிடும். அவரிடம் ஒரு முழு செட் கிடைத்தது. சக்கரம், டிஸ்க், ஆயில் குழாய், கையால் அழுத்துகிற பிரேக் லீவர் எல்லாம் ஒரே வண்டியில் கழற்றியது. எட்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து மாட்டினேன். மிச்சம் இருந்தது ஒரே வேலை. ஆயில் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் மேலே நின்று லீவரை மூன்று தடவை அழுத்தி, கடைசியில் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, சக்கரத்தோரம் இருக்கிற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். ஆயிலும் காற்றுக் குமிழும் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் லீவரை விடலாம். அவசரப்பட்டு விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். உள்ளே காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது.

மாலை 6.40. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே தகரம் போட்ட சந்து. அதுதான் என் பட்டறை. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்று டேங்க், ஹேண்டில்பார் மேலெல்லாம் ஒரு பழைய போர்வையைப் போட்டிருந்தேன். இந்தப் பக்கம் தரையில் நான். அந்தப் பக்கம், போர்வைக்குள் கையை விட்டு லீவரைப் பிடித்தபடி அவள். லீவர் பக்கத்தில் இருக்கிற சின்னக் கிண்ணத்தில் ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும். அதற்கான பாட்டிலும் அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்தது.

"அழுத்து."

டக்... டக்... டக்...

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

"கை வலிக்குதுங்க. இன்னும் எத்தனை தடவை?"

"நாளைக்கு இறக்கத்துல போகப்போறது நீயா, நானா? பேசாம அழுத்து."

ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவள் வளையல் கிலுகிலுக்கும். வாயும் ஓயாது. பேச்சு சுவாரசியத்தில் இரண்டு தடவை முன்கூட்டியே லீவரை விட்டுவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உன்கிட்ட ஊசி போட்டுக்கிறவங்க பாவம்!" என்று கத்தினேன். பிறகு அடைத்துக்கொண்டிருந்த திருகைக் கழற்றிக் கம்பி பிரஷால் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன். அவள் ஏதோ சொன்னாள். வேலையில் இருக்கும்போது யார் என்ன சொன்னாலும் நான் "ம்" என்பேன். அப்போதும் "ம்" என்றேன்.

7.10. திருகை மாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"அழுத்து."

டக்... டக்... டக்...

"பிடி."

பதில் இல்லை. ஆனால் லீவர் நின்றது. கல் மாதிரி நின்றது. திருகைத் திறந்தேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினேன்.

"விடு."

விட்டாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வேறு. "அடேங்கப்பா! நீ வாயை மூடினா வேலை எவ்வளவு சுத்தமா நடக்குது பார்," என்று சீண்டினேன்.

பத்துப் பன்னிரண்டு தடவை அப்படியே போயிற்று. ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. வளையல் சத்தம் கேட்கவில்லை. கழற்றி வைத்துவிட்டாள் போல.

7.31. அழுத்தினாள். பிடித்தாள். திருகைத் திறந்தேன். மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. அதை விரட்டிவிட்டு, "விடு," என்றேன்.

லீவர் திரும்புகிற 'டக்' கேட்கவில்லை.

"விடுன்னு சொல்றேன்ல?"

திரும்பவில்லை.

"காது கேக்கலையா? விடு!"

எரிச்சலோடு குனிந்து பார்த்தேன். திருகு திறந்தே இருந்தது. நான் மூட மறந்திருக்கிறேன்! அவள் மட்டும் விட்டிருந்தால் மொத்தக் காற்றும் உள்ளே போயிருக்கும். அவசரமாக மூடினேன்.

மூடிய அந்த நொடியில்... நான் சொல்லாமலே... டக். லீவர் திரும்பியது.

திருகு இருப்பது என் பக்கம். அவள் பக்கத்திலிருந்து அது தெரியவே தெரியாது. எப்படி...?

குனிந்து சக்கரத்தின் இடைவெளி வழியாக அந்தப் பக்கம் பார்த்தேன். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே ஒரே இருட்டு. அவள் கால் தெரியவில்லை.

இருட்டில் தெரியாதுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7.48. "அழுத்து."

டக்... டக்... டக்...

"பிடி."

திருகைத் திறந்தேன். சுத்தமான ஆயில். ஒரு குமிழ் இல்லை. அப்பாடா, முடிந்தது.

அப்போது பின்னால்... கிரீச்...

வாசல் கேட்.

"என்னங்க, இன்னுமா முடியல?"

திரும்பினேன். கேட்டுக்கு அருகில் என் மனைவி. கையில் துணிப்பை.

"நீ... எங்க போன?"

"சொல்லிட்டுத்தானே போனேன்? டெய்லர் கடை மூடிடுவாங்க, யூனிஃபார்ம் வாங்கிட்டு வந்துடறேன்னு. நீங்ககூட 'ம்'னீங்களே. ஏழு மணிக்கே போயிட்டேன்."

என் கை ஸ்பேனர் மேலேயே இருந்தது.

எழுந்தேன். போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

லீவர் கைப்பிடியோடு ஒட்டி நின்றது. முழுசாக அழுத்தியபடி.

யாரும் இல்லை.

பக்கத்துக் கிண்ணத்தில் ஆயில், கோடு வரைக்கும் நிரம்பியிருந்தது. ஸ்டூலில் பாட்டில் காலி.

ஓடத்தான் நினைத்தேன். ஆனால் கீழே திருகு திறந்திருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை... உட்கார்ந்தேன். மூடினேன். எழுந்து நின்றேன்.

"வி... விடு."

மெதுவாக...

மிக மெதுவாக...

லீவர் வெளியே வந்தது.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். விடிகாலை 5.15க்கு வண்டியை எடுத்துத் தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் அப்படிப் பிடித்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இன்னைக்கு ஆட்டோல போயேன்."

"எட்டு நாள் எனக்காகத்தானே மல்லுக்கட்டினீங்க? இப்ப என்ன வந்துச்சு?"

என்ன சொல்வது? 6.25க்கு பைக்கிலேயே கிளம்பிவிட்டாள். 6.40க்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. 6.44... எடுக்கவில்லை. 6.49... வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. 6.53க்கு அவளே கூப்பிட்டாள்.

"வந்து சேர்ந்துட்டேங்க. அந்த முக்குல முன்னாடி நின்ன ஒரு லாரி திடீர்னு ரிவர்ஸ்ல வந்துட்டான். எனக்குக் கையே ஓடல. பிரேக்கைப் பிடிச்சேனான்னுகூடத் தெரியல. ஆனா வண்டி நின்னுடுச்சு. ஒரு சாண் இடைவெளிதான்..."

பத்து மணிக்குப் போல்ட்டு அண்ணன் கடை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

"அண்ணே, அந்த பிரேக் செட் எந்த வண்டியில கழட்டினது?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"உன்னை மாதிரிதான் தம்பி ஒருத்தன். எல்லா வேலையையும் வீட்டுலயே பார்ப்பான். டிஸ்க் மாத்தியிருக்கான். காத்து எடுக்கறப்போ வீட்டுல ஆள் இல்ல. பொண்டாட்டி வெளிய போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம, ஒரு கையில லீவர், ஒரு கையில ஸ்பேனர்னு தனியாவே முடிச்சுட்டான். உள்ள காத்து தங்கிப்போச்சு. அவனுக்குத் தெரியல."

"செத்துட்டாரா?"

"அவன் உயிரோடத்தான் இருக்கான். சாமானையெல்லாம் இங்க கொண்டு வந்து போட்டதே அவன்தான். மறுநாள் வண்டியை எடுத்துட்டுப் போனது அவன் பொண்டாட்டி."

நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

"லீவரைக் கடைசி வரைக்கும் விடலையாம் அந்தப் பொண்ணு. நாலு விரலையும் ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தாங்களாம்... ஏன் தம்பி கேக்கற? பிரேக்ல ஏதாவது கோளாறா?"

"இல்லண்ணே," என்றேன். "ரொம்ப நல்லா பிடிக்குது."